பெனடிக்டுக்கு ஹம்சவேணி கொடுத்த பிளக்

ஹம்சவேணி அதிர்ந்து பேச மாட்டாள். ஆனையூரில் அவளுடைய பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிற எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பெனடிக்ட் என்ற பெயரை மட்டும் அவள் முன்னால் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, "இருக்கானா? நல்லா இருக்கட்டும். நெனச்சு நெனச்சுப் பாக்கணும்ல, அதுக்காகவாவது இருக்கட்டும்" என்பாள். அது வாழ்த்து இல்லை என்று கேட்கிறவருக்கு உடனே புரிந்துவிடும்.

காமராசர் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். அப்பா ஜனகராஜ் நூல் கடையில் வேலை பார்த்தார். பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஜவுளி. இவள் ஒருத்தி பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தாள். வகுப்பில் வேறு பெண் கிடையாது. கிரீஸ் படிந்த கையை எவன் பிடிப்பான் என்று அம்மா ராதாமணி வீட்டு மொழியில் கொஞ்ச நாள் புலம்பினாள். பிறகு மகளுக்கென்று தனியாக ஒரு முரட்டு சோப்பு வாங்கிக் குளியலறையில் வைத்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படித்து முடித்து ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோதுதான் பெனடிக்ட் பழக்கமானான். பசுமலைக்காரன். அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். அவனுக்கு வேலையைவிடப் பேச்சு நன்றாக வரும். வாடிக்கையாளரிடம், முதலாளியிடம், போலீஸ்காரரிடம், யாரிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசுவான். டிராக் ரேஸ் பைத்தியம் அவனுக்குத்தான் முதலில் இருந்தது. நேரான தடத்தில் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். விளக்கு பச்சையானதும் கால் மைல் தூரத்தை எது முதலில் கடக்கிறதோ அது ஜெயித்த வண்டி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. எச்சில் விழுங்குவதற்குள் முடிந்துவிடும்.

"ஹம்சா, நீ எஞ்சினப் பாரு. நான் ஆளுகளப் பாக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்தா தமிழ்நாட்டுல எவனும் நம்மள முந்த முடியாது" என்றான்.

"சரிண்ணே" என்றாள். அப்போது அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்து பட்டறை போட்டார்கள். வண்டி ஓட்ட இம்மானுவேல் வந்தான். ஒல்லி உடம்பு, பயம் என்பது தெரியாத ஆள், ஹம்சவேணிக்குத் தம்பி மாதிரி. சர்ச்சில் அவனுக்கும் ஜெனிக்கும் கல்யாணம் நடந்தபோது முன் வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தது இவள்தான்.

இங்கே பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

வண்டி வேகமாகக் கிளம்ப வேண்டுமென்றால் எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் நன்றாக நெருக்கிப் பிடித்துக் கொளுத்த வேண்டும். அந்த நெருக்கத்தைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். தெருவில் ஓடுகிற வண்டியில் அது ஒன்பது, பத்து மடங்கு இருக்கும். ஹம்சவேணி கட்டிய எஞ்சினில் பதின்மூன்றரை. அவ்வளவு நெருக்கினால் உள்ளே சூடு தாங்காது. தீப்பொறி கொடுக்கிற பிளக்கின் நுனியிலேயே சூடு தேங்கி அது கங்கு போலச் சிவந்துவிட்டால், பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே ஏறி வருகிற பிஸ்டன் மேலேயே வெடிக்கும். பிஸ்டன் அலுமினியம். ஓட்டை விழுந்துவிடும்.

அதனால் இப்படிப்பட்ட எஞ்சினுக்கு, நுனியில் சூட்டைத் தேக்காமல் சட்டென்று இறக்கிவிடுகிற பிளக் வேண்டும். கூல் பிளக் என்பார்கள். அதிலும் ஒரு தொல்லை உண்டு. எஞ்சின் சும்மா நின்று உறுமும்போது அதில் கரி படியும். காலையில் மூன்று நான்கு கிக் அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். எது எவ்வளவு கூல் என்பதை எண் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு இல்லை. சில கம்பெனியில் எண் ஏற ஏறக் கூல். வேறு சில கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடு. கணக்கு அப்படியே தலைகீழ்.

ஹம்சவேணி பிளக்கை எடுத்துப் பார்த்து, நுனியில் பொறி தாண்டுகிற இடைவெளியான கேப்பை அளந்து குறைத்து, தலையில் பச்சை நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துத்தான் எஞ்சினில் மாட்டுவாள். நெருக்கம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம் என்பதால் கேப் குறைவாக இருக்க வேண்டும். அந்தப் பொட்டு இருந்தால் அவள் கை பட்டது என்று அர்த்தம்.

ஆறு வருடங்களுக்கு முன்னால், வெளியூரில் ஒரு பெரிய போட்டி. வண்டி விலைக்கு வாங்கிக் கொடுத்த ஸ்பான்சர் நேரில் வந்திருந்தார். அவர் பார்க்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெனடிக்டுக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. ஹம்சவேணி பேர் பதிகிற இடத்தில் நின்றிருந்தாள். அந்த இடைவெளியில் அவன் அவளுடைய பிளக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினான். அதே எண். வேறு கம்பெனி. வண்டி ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. ஸ்பான்சர் சிரித்தார்.

மூன்றாவது ஓட்டத்தில், தடத்தின் முக்கால் தூரத்தில், பிஸ்டன் உருகி எஞ்சின் இறுகிவிட்டது. பின் சக்கரம் அப்படியே நின்றது. இம்மானுவேல் வண்டியோடு உருண்டான். இடுப்பெலும்பும் வலது முட்டியும் நொறுங்கின. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் ஹம்சவேணியைப் பார்த்துக் கேட்டது, "என்னக்கா பண்ணீங்க வண்டிய?"

அந்தக் கேள்வியைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

வண்டியை ஏற்றிப் போன வேனைச் சுத்தம் செய்தபோது பெனடிக்டின் டூல் பைக்குள் பழைய துணியில் சுற்றி அவளுடைய பிளக் இருந்தது. பச்சைப் பொட்டு அழியவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"மாத்துனியா?"

அவன் முதலில் முழித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஸ்டார்ட் ஆகலல்ல ஹம்சா. அதே நம்பர்தான போட்டேன்?"

"நம்பர் அதேதான். கம்பெனி வேற. அது தலைகீழுன்னு உனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொல்லாத. ஸ்பான்சர் கிளம்பிப் போயிருவாரு. உனக்கென்ன, நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு ஆயி இதெல்லாம் விட்டுட்டுப் போயிருவ. எனக்கு இதுதான் பொழப்பு."

அவன் அதோடு நின்றிருந்தால்கூட அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. ஆனால் அவள் மற்றவர்களிடம் போய்ச் சேருவதற்குள் அவன் எல்லோரிடமும் பேசி முடித்திருந்தான். ஸ்பான்சரிடம், ரேஸ்காரர்களிடம், இம்மானுவேல் படுத்திருந்த ஆஸ்பத்திரியில். ஹம்சா தப்பான பிளக் போட்டுவிட்டாள், பாவம் தெரியாமல் செய்துவிட்டாள், அவளை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அவளுக்காகப் பரிந்து பேசுவதுபோல் சொல்லியிருந்தான். அந்தப் பரிவுதான் அவளைக் கொன்றது. இவள் பிளக்கைக் காட்டினாள். தப்பை மறைக்க எதையோ கொண்டு வந்து காட்டுகிறாள் என்றார்கள். பொம்பளை கையில் எஞ்சினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான்.

பட்டறை பெனடிக்டிடம் போனது. ஹம்சவேணி சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போனாள். பழைய இரும்பில் கிடந்த அந்த ஓட்டை பிஸ்டனை மட்டும் எடுத்து வந்து, வீட்டில் தலைமாட்டு அலமாரியில் வைத்தாள். ராதாமணி ஒருநாள் அதைத் தூக்கி எறியப் போனபோது, "அம்மா, அது இருக்கணும்" என்றாள். ராதாமணி மகள் முகத்தைப் பார்த்தாள். பிஸ்டனைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர்கள் மொழியில் பெனடிக்டின் கை விளங்காமல் போக வேண்டும் என்று நிதானமாக ஒரு சாபம் விட்டாள்.

இம்மானுவேல் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்து வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜெனியோடு ஹம்சவேணி வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்கா, அன்னைக்குக் காலைல வண்டி ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆச்சு. நான்தான் அடிச்சேன். நீங்க போட்ட பிளக்குன்னா என்னைக்கு ஒரே கிக்குல ஆயிருக்கு? படுத்துக் கெடக்கையில அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அவன் தெனமும் பழம் வாங்கிட்டு வந்து தலமாட்டுல உக்காந்து ஜெபம் பண்ணுவான்க்கா. அவனச் சந்தேகப்படவே மனசு வரல."

ஜெனி முன்னால் வந்தாள். "இவரு உங்களக் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேக்க வந்துருக்காரு."

"மன்னிப்பெல்லாம் வேணாம். வண்டி ஒண்ணு கட்டப்போறேன். கூட நிப்பியா?" என்றாள் ஹம்சவேணி.

"ஓட்ட முடியாதேக்கா."

"ஓட்ட வேணாம். அவன் தோக்கறதப் பாக்கறதுக்கு நிக்கணும்."

அன்றிலிருந்து அவள் வாழ்க்கை அது ஒன்றுக்காகத்தான். ஆனையூரில் அவளுடைய அண்ணன் வெங்கடேஷ்பாபு கிடங்குக்காக வாங்கிப்போட்ட இடத்தில் தகரக் கொட்டகை இருந்தது. கடை விட்டு வந்தால் அங்கேதான். வண்டி ஓட்டக் கொட்டாம்பட்டியிலிருந்து முத்துக்கருப்பன் வந்தான். பால் வேன் ஓட்டுகிறவன், எடை குறைவு, சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். ஹம்சவேணிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கொட்டாம்பட்டி தாண்டித் திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, டயர் சோதனைக்காக யாரோ ஒரு முதலாளி போட்டுவிட்டுக் கைவிட்ட நேரான கான்கிரீட் தடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடலைக் காடு. விடுமுறை நாளில் மூவரும் அங்கே போவார்கள். முத்துக்கருப்பன் முழு வேகத்தில் ஓடி, எல்லையைத் தாண்டியதும் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அந்த நிமிஷமே அணைத்துவிட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் பிளக்கின் நிறம் மாறிவிடும். ஹம்சவேணி நடந்து போய்ப் பிளக்கைக் கழற்றி, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸை வைத்துப் பார்ப்பாள்.

முதலில் போட்ட பிளக் மிகவும் கூல். தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே கரி மூடி, கிளம்புகையில் எஞ்சின் இருமியது. ஒரு படி சூடு ஏற்றினாள். கிளம்பியது, ஆனால் கடைசி கியரில் டொப் டொப் என்று அடித்தது. கேப் அகலம், நெருக்கத்தில் பொறி அணைகிறது என்று குறைத்தாள். அடுத்தது நுனி நீண்டு உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. பிஸ்டன் தலை அதில் இடித்த சின்னத் தடத்தை லென்ஸில் பார்த்துவிட்டு அதையும் ஒதுக்கினாள். நுனி உள்ளடங்கிய வகையைத் தேடி வெளியூரிலிருந்து வரவழைத்தாள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவள் வாய் எதையோ முணுமுணுக்கும்.

"சாமி கும்பிடுறீங்களாக்கா?" என்று முத்துக்கருப்பன் ஒருமுறை கேட்டான்.

"அவன் பேரச் சொல்றேன்" என்றாள்.

கடைசியில் ஒரு பிளக் அமைந்தது. நுனியைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பு, கம்பியின் வளைவில் சூட்டுத் தடம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அன்று அவள் நிமிர்ந்து, "இம்மானுவேலு, அவனக் கூப்பிடுற நேரம் வந்துருச்சு" என்றாள்.

கூப்பிடத் தேவையிருக்கவில்லை. சென்ற ஆண்டு அதே தடத்தில் மதுரை, திருச்சி பையன்கள் சேர்ந்து அனுமதி வாங்கி ஒரு போட்டி வைத்தார்கள். பெனடிக்ட்தான் நடத்துகிறவர்களில் ஒருவன். அவனுடைய வண்டியை மெர்வின் என்பவன் ஓட்டினான்.

போட்டிக்கு முந்தின நாள் அந்த மெர்வினே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்தான். ரேஸ் பிளக் ஊரில் அங்கேதான் கிடைக்கும். கவுண்டரில் நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியாது. டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பிளக்கை எடுத்து வைத்தான்.

"அக்கா, இதே மாதிரி ரெண்டு வேணும். நாளைக்கு ஒரு டிராக் இருக்கு."

"எந்த டீம்?"

"பெனடிக்ட் அண்ணன் டீம்."

ஹம்சவேணி லென்ஸைக் கண்ணில் வைத்தாள். பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் மேல் உப்பைத் தூவியதுபோல் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பிஸ்டனின் அலுமினியம். அது உள்ளே கரைய ஆரம்பித்துவிட்டது. பெனடிக்ட் இந்த முறை கம்ப்ரஷனை இன்னும் ஏற்றியிருக்கிறான், பிளக்கை மட்டும் மாற்றவில்லை. மெர்வின் கேட்கிற இதே பிளக்கை எடுத்துக் கொடுத்தால் போதும். கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம். நாளைக்கு அவன் எஞ்சின் எல்லோரும் பார்க்கச் சாகும்.

அவள் கை அலமாரியில் அந்தப் பெட்டி வரைக்கும் போனது. அவளே என்னிடம் சொன்னாள். "பெட்டியத் தொட்டுட்டேன். எம்புட்டு ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

ஆனால் எடுக்கவில்லை. எஞ்சின் உடைந்து தோற்றால் அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். எஞ்சின் உடைந்துவிட்டது, இல்லாவிட்டால் ஜெயித்திருப்பேன் என்பான். அந்த ஒரு வார்த்தைகூட அவனுக்கு மிஞ்சக் கூடாது. அவன் எஞ்சின் குறையில்லாமல், முழு பலத்தோடு ஓட வேண்டும். ஓடித் தோற்க வேண்டும்.

வேறு பெட்டியை எடுத்தாள். இரண்டு படி கூலான பிளக். கேப்பை அளந்து குறைத்தாள்.

"உங்க பிளக்கு தாங்காது. இத மாட்டுங்க. கோட்டுல ரொம்ப நேரம் உறும விடாத, கரி புடிக்கும்." பிளக்கைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ஓட்டுறப்ப ஒரு விரல் கிளட்சு மேலயே இருக்கட்டும். எஞ்சின் சத்தம் மாறுனா அமுக்கிரு. யோசிக்காத" என்றாள்.

மெர்வின் தலையாட்டிவிட்டு வாங்கிப் போனான்.

இதைக் கேட்ட இம்மானுவேல், "அந்தப் பய கால நெனச்சுத்தான குடுத்தீங்க?" என்று கேட்டானாம். "காலுமில்ல கையுமில்ல. பெனடிக்டு முழுசா தோக்கணும், அம்புட்டுதான்" என்று அவள் எரிந்து விழுந்திருக்கிறாள். கிளட்ச் மேல் விரலை வைக்கச் சொன்னது எதற்கு என்று அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

போட்டியில் இரண்டு வண்டிகளும் மற்ற எல்லோரையும் தள்ளிவிட்டுக் கடைசி ஓட்டத்துக்கு வந்தன. பெனடிக்ட் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடமாடினான். விளக்கு பச்சையானது. முத்துக்கருப்பன் சுத்தமாகக் கிளம்பினான். பாதித் தூரம்கூட ஆகவில்லை, மெர்வினின் வண்டியில் தகர டப்பாவில் கல்லைக் குலுக்கியதுபோல் சத்தம் வந்தது. மெர்வின் உடனே கிளட்சைப் பிடித்துவிட்டான். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு உருண்டு போய் ஓரமாக நின்றது. விழவில்லை.

ஜெயித்தது அவளுடைய வண்டி. ஆனால் ஹம்சவேணியின் முகம் செத்துப்போயிருந்தது. இது அவள் கேட்ட வெற்றி இல்லை.

கூட்டம் ஓடியது. பெனடிக்ட் கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

"பாத்தீங்களா எல்லாரும்? இவ கடையில வாங்குன பிளக்கு! வேணுமின்னே தப்பானதக் குடுத்துருக்கா. அன்னைக்கு இம்மானுவேலு, இன்னைக்கு எம் பய!"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. பழைய பார்வை.

மெர்வின் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அண்ணே, என்ன பேசுறீங்க? அந்தக்கா குடுத்ததத்தான் நீங்க மாட்டவே விடலயே. ஹம்சா குடுத்துருந்தா அது வெடிகுண்டுன்னு சொல்லி என் கையிலருந்து புடுங்கி அந்தக் கடலக் காட்டுக்குள்ள எறிஞ்சீங்க. பழசத்தான் திரும்ப மாட்டுனீங்க."

பெனடிக்ட், "டேய்" என்றான்.

"என்ன டேய்? கிளட்சுல விரல் வையின்னு அவங்கதான் சொன்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. நான் இப்ப நிக்கிறது அவங்க சொன்னதாலதான்."

அவனே குனிந்து, சூடு பொறுக்காமல் கிளவுஸோடு, பிளக்கைக் கழற்றி எல்லோருக்கும் நீட்டினான். நுனி உருகிக் குமிழ் குமிழாக இருந்தது. அதில் இருந்த எண்ணைக் கூட்டத்தில் ஒருவன் சத்தமாகப் படித்தான். இன்னொருவன், தானும் முந்தின நாள் பெனடிக்டிடம் அதே பிளக்கைப் பார்த்ததாகச் சொன்னான்.

இம்மானுவேல் ஊன்றுகோலை ஊன்றி முன்னால் வந்தான். அவனுக்குக் கூட்டம் வழிவிட்டது.

"அக்கா குடுத்தா விஷமாத்தான் இருக்கும்னு உனக்கு ஏன்டா தோணுச்சு?" என்று கேட்டான். "நீ அக்காவுக்குச் செஞ்சது உனக்குத் தெரியும்ல, அதான."

பெனடிக்டுக்கு முதல் முறையாகப் பேச்சு வரவில்லை. எந்த வாயால் ஊரையே நம்ப வைத்தானோ அந்த வாய் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதாக ஹம்சவேணி சொன்னாள். கண் இமைக்கக்கூட மனசில்லை என்றாள்.

கோப்பையைக் கொடுக்கக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. நேராகப் பெனடிக்டிடம் போனாள்.

"எஞ்சின் உடஞ்சவன ஜெயிச்சேன்னு பேரு எனக்கு வேணாம். உன் வண்டியச் சரி பண்ணு. பிஸ்டன் வேணுமா, நான் தாரேன். பிளக்கு வேணுமா, நான் பாத்துத் தாரேன். திரும்பி வா."

"வராட்டி?"

"வராட்டி வராதவன்னு சொல்லுவேன். நீ என்னையப் பத்திச் சொன்ன எல்லா எடத்துலயும் போயிச் சொல்லுவேன். எனக்கு வேற வேல இல்ல."

வராமல் இருக்க அவனால் முடியவில்லை. மெர்வின் விட்டுப் போய்விட்டான். ரேஸ்காரர்கள் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்பான்சர் போனை எடுக்கவில்லை. எப்படியாவது ஒரு முறை ஜெயித்துவிட்டால் எல்லாவற்றையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, மழைக்காலம் முடிந்து தடம் காய்ந்ததும், திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். கோப்பை கிடையாது, மைக் கிடையாது. ஆனால் அன்று வந்த கூட்டம் போட்டிக்கு வந்ததைவிட அதிகம்.

ஓட்டத்துக்கு முன்னால் ஹம்சவேணி அவனுடைய வண்டிக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். பெனடிக்ட் புரியாமல் பார்த்தான்.

"பிளக்கக் கழட்டு. பாக்கணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிக் கொடுத்தான். அவள் லென்ஸில் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள், கம்பெனியைப் பார்த்தாள். ஃபீலர் கேஜால் கேப்பை அளந்தாள். கொஞ்சம் அகலம். தரையில் மெதுவாகத் தட்டிச் சரி செய்து, மறுபடி அளந்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரியா இருக்கு. இவர் வண்டியில ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள்.

முத்துக்கருப்பன் ஒரு வண்டி நீளத்துக்கும் மேலே முந்தினான். பெனடிக்டின் எஞ்சின் கடைசி வரைக்கும் கணீரென்று ஓடியது. அவ்வளவு நன்றாக அது அதற்கு முன்னால் ஓடியதே இல்லை என்று திண்டுக்கல் ஆளே சொன்னான். மறுபடி ஓடலாம் என்று பெனடிக்ட் கேட்டான். ஓடினார்கள். மறுபடி தோற்றான். இன்னொரு முறை என்றான். "எத்தன தடவ வேணாலும்" என்றாள் ஹம்சவேணி. மூன்றாம் முறையும் தோற்றபோது கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. பார்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. போதும் என்று முத்துக்கருப்பனே சொன்னான்.

பெனடிக்ட் வண்டியை வேனில் ஏற்றிவிட்டு, போவதற்கு முன்னால் அவளிடம் வந்தான். "இப்பத் திருப்தியா ஹம்சா?"

"நீ ஏன் என்னையக் கேக்குற? இம்மானுவேலு கம்பு ஊனாம நடந்து வந்து கேக்கட்டும். அவனுக்குப் பதில் சொல்றேன்."

அவன் கையை நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். திரும்பி, சூடு ஆறாத தன் வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றத் தொடங்கினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

திரும்பி வரும் வழியில் மேலூரில் நிறுத்தி எல்லோரும் பரோட்டா சாப்பிட்டார்கள். இம்மானுவேல் அழுதான். ஹம்சவேணி அழவில்லை, நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் கடை வேலையை விட்டுவிட்டாள். அந்தத் தகரக் கொட்டகைதான் பட்டறை. வாசலில் நாற்காலி போட்டு இம்மானுவேல் வருகிறவர்களிடம் பேசுகிறான். ரேஸ் வண்டிகள் திருச்சி, கோவையிலிருந்துகூட வருகின்றன. மெர்வினும் ஒரு வண்டி கட்டக் கொடுத்திருக்கிறான். பெனடிக்டின் மாமனார் வீடு ஆனையூரில்தான் இருக்கிறது, பட்டறையைத் தாண்டி இரண்டு தெரு. ஆனால் அவன் இந்த வழியாக வருவதில்லை. கூடல்நகர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறான்.

"இவனும் எத்தன நாளைக்குச் சுத்துவான்? மன்னிச்சு விட்டுரலாமேம்மா" என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"சுத்தட்டும்" என்றாள். "பெட்ரோல் அவன் பெட்ரோல்தான?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. அதை மறைக்க அவள் முயலவே இல்லை.